வாடகை குடுத்த வண்டி

அன்னபுஷ்பத்துக்குக் கார் எல்லாம் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஒரு லாரியைப் பிடித்தால் சொந்தபந்தம் மொத்தமும் ஏறிவிடும், பொண்ணை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் புடவையும் கசங்காது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மரியஜோசப்தான் கேட்கவில்லை. செங்கல்பட்டுக் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டிருப்பார்கள், அவர்கள் கண் முன்னால் தன் மகள் லாரியிலிருந்து குதித்து இறங்கக் கூடாது என்றான். மாப்பிள்ளைப் பையன் யாக்கோபுக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை. ஷிப்ட்டு, ஓவர்டைம் என்றெல்லாம் பேசுகிறவன். அவன் வீட்டார் இளக்காரமாகப் பார்த்துவிட்டால் சகாயமேரி ஆயுசுக்கும் அதைச் சுமக்கணும் என்பது மரியஜோசப்பின் பயம்.

எண்பத்தி ரெண்டாம் வருஷம் அது. ஒரகடத்தில் நாலு ரோடும் கூடுகிற இடத்தில் ஒரு டீக்கடையும் ஒரு சைக்கிள் கடையும் பாண்டுரங்கனுடைய ரைஸ் மில்லும் இருந்தன. மண்ணூர் பக்கம் ரெண்டு மூணு கம்பெனி ஷெட்டு எழும்பிக்கொண்டிருந்தது. மரியஜோசப் அங்கே கொத்தனார். விடியும் முன்னே கரணையும் ரசமட்டமும் பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனால், பொழுது சாய்ந்த பிறகு கை விரல் இடுக்கெல்லாம் சிமெண்டில் வெந்து திரும்புவான். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவான். சனிக்கிழமைக் கூலியில் ஒரு பங்கைக் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது ரெண்டு வருஷமாக.

அன்னபுஷ்பத்துக்கு ரைஸ் மில்லில் களத்து வேலை. அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டுவார்கள். பொம்பளைகள் வரிசையாக நின்று காலாலேயே கோடு கிழித்தபடி துழாவிக்கொண்டு போகணும். மேலே வெயில், கீழே சிமெண்டுத் தரை, நடுவில் நெல்லின் சூடு. வேலைக்கு வந்த புதிதில் பாதம் கொப்பளித்து இரவெல்லாம் அழுதவளுக்கு இப்போது தணலை மிதித்தாலும் தெரியாது என்கிற அளவுக்குத் தோல் தடித்துப்போய்விட்டது. ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்தால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடிப் படுதாவை இழுத்து மூடணும். ஒரு குத்து நெல் நனைந்தாலும் மேஸ்திரி வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

பாண்டுரங்கன் வீட்டில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றது. முகூர்த்த நாளில் அது சும்மா நிற்காது. டிரைவர் பாபுவிடம் சொல்லி வைத்தால் வரும் என்பது சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். மரியஜோசப் நேராக முதலாளியிடமே போய்க் கேட்டான். அன்னபுஷ்பமும் கூட நின்றாள். பாண்டுரங்கன் வாடகையைச் சொன்னார். பொண்டாட்டி இங்கேதானே வேலை செய்கிறாள், பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியஜோசப் இழுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து எண்ணி நீட்டினான். மேசை மேல் வைக்கச் சொன்னார் முதலாளி. வைத்தான். களத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவன் ஒரு தினுசாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தது அன்னபுஷ்பத்துக்கு நினைவிருக்கிறது.

கல்யாணத்தன்று பொண்ணையும் பொண்ணின் அப்பனையும் ஏற்றிக்கொண்டு கார் முன்னால் போனது. மரியஜோசப் முன் சீட்டில் உட்கார்ந்தான். அன்னபுஷ்பம் மற்ற ஜனத்தோடு லாரியில் பின்னால் வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். லாரி நின்றது. முன் டயர் வெடித்துக் கார் புளிய மரத்தில் மோதியிருந்தது. டயரில் ரப்பரே இல்லை, துணி தெரிகிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மரியஜோசப்பை வெளியே எடுத்து மரத்தடியில் கிடத்தி முகத்தில் துண்டு போட்டிருந்தார்கள். சகாயமேரிக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே கால் வேறு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பாபு நெற்றியில் சின்னக் காயத்தோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றானாம். பிறகு அவனைக் காணவில்லை. சொந்த ஊர் ஆரணிப் பக்கம், அங்கே அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

சகாயமேரி மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காலில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யாக்கோபு வார லீவில் ரெண்டு மூணு தடவை ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, லைனில் ஆள் குறைவு, சூப்பர்வைசர் லீவு கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை. அடுத்த தை மாசத்தில் அவனுக்கு வேறு இடத்தில் பொண்ணு பார்த்துக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள். சகாயமேரி அதற்கு அழவில்லை. அவன் நல்லவன்தான், அவனும் எத்தனை நாளைக்கு வருவான் என்றாள்.

கால் கட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. இடுப்பு மூட்டு நொறுங்கிப்போனதால் அதற்கு மேல் அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை, மெட்ராசில் கூட்டிப்போய் வேறு மூட்டு வைத்தால் ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் அந்த இரும்பு மூட்டு மட்டும் நாமே வெளியிலிருந்து வாங்கித் தரணும். அதன் விலையைக் கேட்ட பிறகு அன்னபுஷ்பம் டாக்டரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பாண்டுரங்கன் ஒருநாள் வந்தார். வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நடந்து வந்து, சாத்துக்குடிப் பையைக் கட்டில் மேல் வைத்தார். பதினெட்டு வருஷமாக ‘வாடி, போடி’ என்று கூப்பிட்டவர், அன்றைக்கு ‘உக்காருங்கம்மா’ என்றார். அவளுக்கு அதுவே பயமாக இருந்தது.

“யாரானா வந்து கேட்டா வாடகை குடுத்தோம்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. மொதலாளி பிரியப்பட்டு சும்மா அனுப்பிச்சாருன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் நல்லது, உங்க பொண்ணுக்கும் நல்லது.”

எதற்குச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏழையிடம் காசு வாங்கினோமே என்று கூச்சப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

விளங்க வைத்தது வக்கீல் சாலமோன். பங்குச் சாமியார் சொல்லி அனுப்பிய ஆள். செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடை மாடியில் ஆபீஸ். கேஸ் போட்டு நஷ்டஈடு கேட்கலாம் என்றார். கார் வைத்திருப்பவர் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார், அதனால் கம்பெனிதான் கொடுக்கணும் என்றதும் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் வாடகை கொடுத்தீர்களா என்று அடுத்த கேள்வி கேட்டார். கொடுத்தோம் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“இன்சூரன்ஸ் கட்டின வண்டின்னா எது நடந்தாலும் பணம் வந்துடும்னு ஜனங்க நெனைக்கறாங்க. அப்படி இல்லம்மா. எதுக்கு ஓட்டப்போறேன்னு சொல்லிக் கட்டினாரோ, அதுக்குத்தான் பணம். இவரு சொந்த உபயோகத்துக்குன்னு கட்டியிருக்காரு. வண்டியில சும்மா கூட வர்றவங்களுக்கும் சேத்துதான் கட்டியிருக்காரு. காசு வாங்கிக்கினு ஏத்தினா அது டாக்சி. டாக்சிக்கு பெர்மிட் வேற, இன்சூரன்ஸ் வேற, நம்பர் போர்டே வேற. இது கறுப்பு போர்டு, சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு ஓடுச்சின்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான்.”

“அப்ப நாங்க வாடகை குடுத்ததுதான் தப்பா சார்?”

“குடுத்தது தப்பில்ல. வாங்கினதுதான் தப்பு. ஆனா நஷ்டம் உங்களுக்கு.”

அப்படியானால் முதலாளியே கொடுக்கட்டுமே என்றாள். கோர்ட்டு அப்படித்தான் சொல்லும், ஆனால் சொல்வது வேறு, கைக்கு வருவது வேறு என்றார் சாலமோன். மில் தம்பி பேரிலும் வீடு பொண்டாட்டி பேரிலும் இருக்கிறது, அப்பீல் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். கோர்ட்டில் என்ன சொல்லணும் என்று நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன், எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டேன் என்று எழுந்துகொண்டார்.

அன்னபுஷ்பம் மகளிடம் இதைச் சொன்னது ஒரு மத்தியானம். சகாயமேரி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து கேழ்வரகுக் கூழுக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மாடாக உழைத்துச் சேர்த்த காசை, அவர் கொடுக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தாய் கேட்டாள்.

“சொல்லிட்டுப் போ மா. அப்பா இன்னா எழுந்து வந்து கேக்கப்போறாரா? எனக்கு நடக்கணும். கொல்லைக்குப் போறதுக்கு உன் தோள புடிக்காம போணும். அவ்ளோதான்.”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. அன்னபுஷ்பம் பொய்யைப் பழகினாள். களத்தில் நெல்லைத் துழாவுகிறபோது பக்கத்தில் வருகிற கிளியம்மாளிடம் சொல்லிப் பார்ப்பாள். கிளியம்மாளே வக்கீல் மாதிரிக் குரலை மாற்றிக் கேள்வி கேட்பாள். முதலாளிக்கு நம் குடும்பத்தின் மேல் பிரியம், பொண்ணு கல்யாணத்துக்கு வண்டியை அனுப்பி வைத்தார், நாங்கள் கேட்கக்கூட இல்லை. களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு தடவை சொல்லி முடித்துவிடலாம். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். அந்த மாசங்களில் அவளை யாரும் அதட்டவில்லை. டீ வேளையில் அவளுக்கு மட்டும் ஒரு பன் சேர்த்து வந்தது.

கேஸ் விசாரணைக்கு வந்தது பங்குனி வெயிலில். கோர்ட்டு வராந்தாவில் சகாயமேரியைக் கக்கத்துக் கட்டைகளோடு ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அன்னபுஷ்பம் கூண்டில் ஏறினாள். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று டவாலி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். சாலமோன் கேட்டதற்கெல்லாம் பழகினபடியே பதில் வந்தது. பாண்டுரங்கன் மூணாவது வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். வயசான மனுஷர். குரலை உயர்த்தவே இல்லை. கால் வலித்தால் சாய்ந்து நின்றுகொள்ளுங்கள் என்றுகூடச் சொன்னார்.

“பாண்டுரங்கன் உங்ககிட்ட ரொம்பப் பிரியமா இருப்பாரா?”

“இருப்பாரு சார். கூடப் பொறந்தவ மாதிரி நெனப்பாரு.”

“அவரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கீங்களா?”

“போயிருக்கேன் சார். பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு.”

“சாப்பிட்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

“எங்க உக்காந்து?”

கிளியம்மாள் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பந்தியெல்லாம் முடிந்த பிறகு மில்லுக்குப் பின்னால், உமி கொட்டுகிற இடத்தில் வரிசையாக உட்கார வைத்து இலை போட்டார்கள். ஆறிப்போன சாம்பாரை வாளியை உயர்த்திப் பிடித்து ஊற்றினார்கள்.

“பின்னால... உமி கொட்ற எடத்துல சார்.”

“வீட்டுக்குள்ள எப்பவானா போயிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“பதினெட்டு வருஷத்துல ஒரு தடவ கூட?”

அவள் தலையை ஆட்டினாள். வாயால் சொல்லணும் என்று ஜட்ஜய்யா சொன்னார். இல்லைங்க என்றாள்.

“வாசப்படி ஏத்தாதவரு கார் ஏத்தி அனுப்பினாரு. உங்க வீட்டுக்காரரும் ஓசியில போயி ஏறி உக்காந்துக்கிட்டாரு. அப்படித்தானே?”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஓசி என்பதும் ஊரில் எல்லோரும் சொல்கிற சாதாரண வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்டதும் பழகி வைத்த பேச்சு முழுக்க எங்கோ போய்விட்டது.

“எம் புருசன் யாருகிட்டயும் ஓசி வாங்குனவரு இல்ல சார். வாடகை குடுத்தாரு. அந்த மேச மேல எண்ணி வச்சாரு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்.”

டைப் அடிக்கிறவர் அடித்து முடிக்கும் வரை வக்கீல் காத்திருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். கூண்டிலிருந்து கீழே கால் வைக்கிற வரைக்கும் அன்னபுஷ்பத்துக்கு உடம்பு லேசாக இருந்தது. அப்புறம் வாசலுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளின் முகத்தைப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பேசினது எல்லாம் கேட்டிருந்தது.

ஒரகடத்தில் இறங்கி வீட்டுக்குப் போகிற மண்ரோட்டில் சகாயமேரி ஒரு தடவை நின்றாள்.

“ஆமான்னு ஒரு வார்த்த. அதானே மா கேட்டாரு.”

வேணும்னு சொல்லலடி, வாயில வந்திருச்சி என்றாள் அன்னபுஷ்பம். மகள் கட்டையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் மில் கேட்டிலேயே மேஸ்திரி நிறுத்திவிட்டான். நெல்லு வரத்து குறைச்சல், ஆள் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அவன் தலைக்குப் பின்னால் ரெண்டு லாரி நெல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. களத்தில் கிளியம்மாள் குனிந்த தலை நிமிராமல் துழாவிக்கொண்டே போனாள். அவளுக்கும் பிள்ளைகள் உண்டு.

அப்புறம் மண்ணூரில், புருஷன் செங்கல் வைத்த அதே ஷெட்டில், அன்னபுஷ்பம் சித்தாளாகச் சேர்ந்தாள். ஜல்லிக் கலவையைச் சட்டியில் வாங்கிச் சாரத்தில் ஏறி மேலே கொடுக்கிற வேலை. நெல்லுக்குப் பழகின உடம்பு கலவைக்குப் பழக நாளானது. கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. அங்கே இருந்த கொத்தனார்கள் மரியஜோசப்பின் கூட்டாளிகள், அவள் சட்டியில் கொஞ்சம் குறைவாகவே அள்ளிப் போடச் சொன்னார்கள். வீட்டில் சகாயமேரி ஒரு பலகையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து சோறாக்கி வைத்திருப்பாள். தாய்க்குப் போட்டுவிட்டுத் தானும் சாப்பிடுவாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

கோர்ட்டுத் தீர்ப்பு ஆடி மாசத்தில் வந்தது. வாடகைக்கு விட்டது ஊர்ஜிதமாகிவிட்டதால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, முழுத் தொகையையும் பாண்டுரங்கனே கொடுக்கணும். சாலமோன் படித்துக் காட்டிவிட்டு, சொன்ன மாதிரியே ஆச்சு என்று மட்டும் சொன்னார். முதலாளி மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனார். அங்கே போன கேஸ் கட்டு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. காரை ரிப்பேர் செய்த செலவையும் கம்பெனி கொடுக்கவில்லை, அந்த ஆத்திரத்தில் முதலாளி கொதித்துக்கொண்டிருக்கிறார் என்று கிளியம்மாள் ஒருநாள் சந்தையில் கிசுகிசுத்துவிட்டு விலகிப்போனாள். அதற்குள் சகாயமேரியின் நல்ல கால் பக்கமும் வலிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் நாள் போனால் மூட்டு மாற்றியும் பிரயோஜனம் இருக்காது என்று மெட்ராசில் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டர் சொல்லியிருந்தார்.

மழைக்காலம் தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து அன்னபுஷ்பம் கத்திரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மில் கணக்குப்பிள்ளை சுப்பிரமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அவன் இந்தத் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. சகாயமேரி முக்காலியை நகர்த்திப் போட்டாள். அதன் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தான்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். காரில் இருந்தவள் சகாயமேரி. பணம் எதுவும் கொடுக்கவில்லை, அம்மா துக்கத்தில் புத்தி தடுமாறிச் சொல்லிவிட்டாள் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அப்பீலில் கம்பெனியைத் திரும்ப இழுத்து மாட்டலாம் என்று முதலாளியின் வக்கீல் சொல்கிறார். அதற்கு ஈடாக அந்த இரும்பு மூட்டின் செலவை முதலாளி இப்போதே ஏற்றுக்கொள்வார். மற்றது அப்பீல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம். ஸ்டாம்பு ஒட்டின பேப்பரைப் பையிலிருந்து எடுத்தான்.

அன்னபுஷ்பம் கரண்டியோடு வாசல்படிக்கு வந்து நின்றாள். சகாயமேரி பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

“எம்மா, நீ உள்ள போயிரு. நீ இங்க இருந்தா எதுனா உண்மையப் பேசிடுவ.”

அன்னபுஷ்பம் உள்ளே போனாள். அடுப்பு புகைந்தது. ஊதாமல் அப்படியே நின்றாள். வெளியே மகள் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு யாராவது நேரில் கூப்பிட்டு விசாரித்தால் என்ன சொல்வாய் என்று சுப்பிரமணி கேட்டான்.

“எங்கப்பா ஒரு காசு குடுக்கல சார். மொதலாளி வூட்ல எங்கள சொந்தக்காரங்க மாதிரிதான் வச்சிருந்தாங்க. நல்லது கெட்டது எல்லாத்துக்கும் போவோம், வருவோம். அந்தப் பிரியத்துலதான் வண்டி அனுப்பிச்சாங்க. அப்பா சும்மாதான் வந்தாரு.”

எங்காவது ஒரு இடத்தில் குரல் இடறுமா என்று தாய் உள்ளே காது கொடுத்து நின்றாள். இடறவில்லை. மாசக்கணக்கில் களத்தில் பழகின தன் வாய்க்கு வராதது, மகளுக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. கோர்ட்டிலும் இப்படியே சொன்னால் போதும் என்றான் சுப்பிரமணி, திருப்தியாக.

“எம்மா, சாருக்குத் தண்ணி கொண்டா.”

அன்னபுஷ்பம் பானையிலிருந்து சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுப்பிரமணி அதற்குள் எழுந்துவிட்டிருந்தான். இப்போதுதான் வழியில் குடித்தேன், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து உதறி மடித்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தெருவை விட்டு வெளியே போனான்.

அன்னபுஷ்பம் சொம்போடு நின்றாள். சகாயமேரி கையை நீட்டி அதை வாங்கித் தானே முழுக்கக் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மெட்ராசுக்கு நாளைக்கே போகலாமா மா என்று கேட்டாள்.